மனநோய் எதிர்ப்பு மருந்துகளும் இரத்த அழுத்தமும்

மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற கடுமையான மனநோய்களுக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து தரப்படும் மருந்துகள் மனநோய் எதிர்ப்பு மருந்துகள் எனப்படும். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, பிறர் தனக்குத் தீங்கு செய்யத் திட்டமிடுகிறார்கள் என்ற அசைக்க முடியாத ஐயம், தொடர்பற்ற பேச்சு முதலிய அறிகுறிகளை இவை கட்டுப்படுத்துகின்றன. இதே மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் இரண்டு வழிகளில் மாற்றுகின்றன. சிகிச்சையின் தொடக்க நாட்களில், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கலாம். சில ஆண்டுகள் சென்றபின், பெரும்பாலும் உடல் எடை கூடுவதன் வழியாக, அழுத்தம் மெல்ல ஏறலாம். முதலாவது உடனே தெரிந்துவிடும். தலை சுற்றும், கண் இருட்டும். இரண்டாவதை அளந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

இந்த இரண்டும் கையாளக்கூடியவை. ஆனால் தலைசுற்றலுக்குப் பயந்து நோயாளி மருந்தை நிறுத்திவிடுவதும், மனநோயாளி என்பதாலேயே அவருடைய இரத்த அழுத்தத்தை யாரும் அளக்காமல் விட்டுவிடுவதும் நம் ஊர்களில் அடிக்கடி நடக்கின்றன. மருந்தின் பக்கவிளைவைவிட இவ்விரண்டால் வரும் கேடே பெரிது.

சர்ப்பகந்தாவில் தொடங்கிய தொடர்பு

மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே மருந்து என்பது முதலில் இந்தியாவிலிருந்து வந்த செய்தி. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைச் சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். 1931-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இந்த வேர் மனநோயையும் தணிக்கிறது, உயர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அதே ஆண்டில் சலீமுசமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு அஜ்மலின் எனப் பெயரிட்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டபோதுதான் மேலைநாடுகள் இதைத் திரும்பிப் பார்த்தன. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் ரெசர்பின் என்ற மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954-இல் அமெரிக்காவில் நாதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை எழுதினார்.

ரெசர்பின் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் டோபமின், நோர்அட்ரினலின் முதலிய செய்தி வேதிப்பொருள்களை வெறுமையாக்கிவிடுகிறது. மூளையில் டோபமின் குறைவதால் மனநோய் அறிகுறிகள் தணிகின்றன. இரத்தக் குழாய்களின் நரம்புகளில் நோர்அட்ரினலின் குறைவதால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஒரே செயலின் இரு பலன்கள் இவை. பக்கவிளைவு என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லலாம். இதய மருத்துவருக்கு மனம் அமைதியாவது பக்கவிளைவு. மனநல மருத்துவருக்கு அழுத்தம் குறைவது பக்கவிளைவு. மருந்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதே காலத்தில் பிரான்சில் குளோர்புரோமசின் வந்தது. அறுவை மருத்துவர் அன்றி லபோரி, மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதற்காக இதைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1951 நவம்பரில் கொர்னேலியா குவார்ட்டி என்ற மனநல மருத்துவர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். எதிலும் பற்றற்ற ஓர் அமைதி உண்டானதாக உணர்ந்தார். பிறகு கழிப்பறைக்குச் செல்ல எழுந்தவர் மயங்கி விழுந்தார். அந்தச் சோதனை அத்துடன் நின்றது. 1952-இல் பாரிசின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் இம்மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டனர். உலகெங்கும் மனநோய் சிகிச்சை மாறியது. அன்று குவார்ட்டிக்கு நேர்ந்ததுதான் இன்றும் இம்மருந்துகளைத் தொடங்கும் பலருக்கு முதல் வாரத்தில் நேர்கிறது.

எழுந்து நிற்கும்போது என்ன நடக்கிறது

நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் புவியீர்ப்பால் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது; மூளைக்குச் செல்லும் அழுத்தம் தாழ்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை நொடிகளில் கண்டுபிடித்து மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. உடனே நரம்புகள் நோர்அட்ரினலினை வெளியிடுகின்றன. அது இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்பா ஏற்பிகளில் பொருந்தியதும் குழாய்கள் சுருங்குகின்றன. இதயமும் விரைந்து துடிக்கிறது. அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இத்தனையும் நமக்குத் தெரியாமலே நடந்துமுடிகின்றன.

மனநோய் எதிர்ப்பு மருந்துகள் மூளையில் டோபமின் ஏற்பிகளை அடைக்கவே கொடுக்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் பல, இரத்தக் குழாயின் ஆல்பா ஏற்பிகளையும் அடைத்துவிடுகின்றன. கட்டளை வருகிறது, கேட்பதற்குக் காது அடைபட்டிருக்கிறது. குழாய்கள் சுருங்குவதில்லை. எழுந்த சில நொடிகளில் தலை லேசாகிறது, பார்வை மங்குகிறது, கால் தள்ளாடுகிறது, சிலர் விழுந்துவிடுகிறார்கள். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால் அதை நிலைசார் தாழ் இரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, உட்கார்ந்திருக்கையில் 124/80 இருந்தவருக்கு நின்றதும் 98/66 ஆனால் இந்த வரையறைக்குள் வருகிறார். உட்கார வைத்து மட்டும் அளந்தால் அவருடைய சீட்டில் 124/80 என்றே பதிவாகும்; ‘பிரஷர் நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

எல்லா மருந்துகளும் இதில் ஒன்றுபோல் இல்லை. குளோர்புரோமசின், குளோசபின், குயட்டியாபின் ஆகியவற்றில் இந்த விளைவு மிகுதி. ரிஸ்பெரிடோனில், குறிப்பாகத் தொடக்கத்தில், ஓரளவு உண்டு. ஒலான்சபினில் அதைவிடக் குறைவு. ஹாலோபெரிடால், டிரைபுளூபெரசின், அமிசல்பிரைடு, அரிப்பிபிரசோல் ஆகியவற்றில் இன்னும் குறைவு. மருந்தைத் தொடங்கிய முதல் நாட்களிலும் அளவைக் கூட்டும்போதும் தலைசுற்றல் அதிகமாக இருக்கும். சில வாரங்களில் உடல் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். அதனால்தான் குளோசபினை 12.5 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். முதியவர்கள், நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சலால் உடல் வறண்டவர்கள், விரதம் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். முதியவர் ஒருவர் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். அதன்பின் பேச்சு மனநோயைப் பற்றியதாக இருக்காது.

தறிக்குழியிலிருந்து எழுபவர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் தேவிகாபுரம். பெரியநாயகி அம்மன் கோயிலும், மலைமேல் கனககிரீசுவரர் கோயிலும் அதன் அடையாளங்கள். பட்டு நெசவு வீட்டுத் தொழிலாக நடக்கும் இத்தகைய ஊர்களில் மனநோயிலிருந்து தேறிவருபவருக்கு ஒரு நன்மை உண்டு. வேலை வீட்டிலேயே இருக்கிறது. நூல் இழைப்பதிலிருந்து நாடா போடுவதுவரை அவரவர் நிலைக்கு ஏற்ற ஒரு வேலை கிடைக்கும். உடனிருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும். ஆனால் மேலே சொன்ன தலைசுற்றலுக்குக் குழித்தறியைப் போல் வாய்ப்பான இடமும் இல்லை. இதைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கி வைத்திருப்பார். மிதிகளை மாறி மாறி மிதிக்கும்வரை கவலையில்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது கால் நரம்புகளில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளிவிடும். அதை இரண்டாவது இதயம் என்று சொல்வதும் உண்டு. ஆனால் இழை அறுந்து அதைத் தேடிச் சேர்க்கும்போதும், ஜரிகையைச் சரிசெய்யும்போதும் கை மட்டுமே வேலை செய்கிறது. கால் நெடுநேரம் அசையாமல் தொங்குகிறது. இரத்தம் காலில் தேங்குகிறது. அதன்பின் யாரோ கூப்பிட்டார்கள் என்று கையை ஊன்றி ஒரே மூச்சில் குழியை விட்டு மேலே எழுந்தால், தேங்கிய இரத்தத்தை மேலேற்றக் குழாய்கள் சுருங்க வேண்டும். காலையில் குளோர்புரோமசின் சாப்பிட்டவருக்கு அது நடப்பதில்லை. விழும் இடத்தில் குழியின் விளிம்பும் தறியின் மரச்சட்டமும் இருக்கின்றன.

செய்ய வேண்டியது எளிது. எழுவதற்கு முன் குதிகாலைப் பத்துப் பதினைந்து முறை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். பிறகு குழியின் விளிம்பில் காலை மேலே எடுத்து வைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். தறிச் சட்டத்தையோ சுவரையோ பிடித்துக்கொண்டு எழுந்து, உடனே நடக்காமல் சிறிது நேரம் நிற்க வேண்டும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவது அல்லது படுத்துக் காலை உயர்த்தி வைப்பது நல்லது. காலையில் படுக்கையிலிருந்து எழும்போதும் இதே முறைதான். மருந்தின் பெரும்பகுதியை இரவில் சாப்பிடும்படி மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பலருக்கு அப்படி மாற்றித் தருகிறார்கள். பகலில் மயக்கம் குறையும். ஆனால் அப்போது இரவில் எழும் நேரம் கவனத்துக்குரியதாகிவிடும்.

வெயில் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையாகப் போகும் நீரும் உப்பும் இரத்தத்தின் கன அளவைக் குறைக்கின்றன. வெப்பத்தில் தோலின் குழாய்கள் விரிகின்றன. மருந்தும் குழாயைத் தளர்த்துகிறது. இவை மூன்றும் ஒன்றுசேரும். கை நடுக்கமும் விறைப்பும் வராமலிருக்க உடன் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரையோ வியர்வையையே குறைத்து உடலைச் சூடேற்றக்கூடியது. இம்மருந்துகளைச் சாப்பிடுபவர் உச்சி வெயிலில் மலைப்படி ஏறுவதைத் தவிர்க்கலாம். தண்ணீர், நீர்மோர் அடிக்கடி குடிக்கலாம்.

கிராமங்களில் இந்தத் தலைசுற்றலுக்குப் பித்தம் என்று பெயர். எலுமிச்சைச் சாறும் சுக்கும் கொடுப்பார்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. நீர் உள்ளே போவதால் சிறிது நன்மைகூட உண்டு. ‘மாத்திரை சூடு, உடம்பு தாங்கவில்லை’ என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதும்தான் தொல்லை. அடுத்த முறை மருத்துவர் பார்க்கும்போது நோய் கூடியிருப்பதாக நினைத்து அளவை உயர்த்துவார். அந்த உயர்ந்த அளவை வீட்டில் முழுதாகக் கொடுக்கும் முதல் நாள் அழுத்தம் இன்னும் வேகமாக இறங்கும்.

ஆண்டுகள் சென்றபின்

இனி எதிர்ப்பக்கம். இதில் நாடகத்தனமாக எதுவும் நடப்பதில்லை. நோயாளி தேறிவிட்டார், வேலைக்குப் போகிறார், சட்டை இறுக்கமாகிவிட்டது. அவ்வளவுதான் வெளியே தெரிவது.

ஒலான்சபின், குளோசபின் இரண்டும் எடையைக் கூட்டுவதில் முன்னிற்பவை. குயட்டியாபின், ரிஸ்பெரிடோன் நடுவில் உள்ளன. பசியை அடக்கும் சில ஏற்பிகளை இம்மருந்துகள் மூளையில் அடைத்துவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 மனச்சிதைவு நோயாளிகளைக் கொண்டு நடந்து 2005-இல் வெளியான கேட்டி ஆய்வில், ஒலான்சபின் எடுத்துக்கொண்டவர்களின் எடை மாதத்துக்குச் சராசரியாக 0.9 கிலோ கூடியது. அவர்களில் 30 விழுக்காட்டினருக்கு எடை 7 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது நான்கு கிலோவுக்கு மேல்.

கூடும் எடை பெரும்பாலும் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. அதனால் இன்சுலின் வேலை செய்யாமல் போகிறது. உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. நரம்பு மண்டலமும் முடுக்கிவிடப்படுகிறது. தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் பருமனானவர்களிடம் சேர்ந்துகொள்ளும். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். பல மாதங்களில், சில ஆண்டுகளில், 120/80 இருந்த அளவு 140/90-ஐத் தாண்டுகிறது. அந்த அளவுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்று கொள்ளப்படும். குளோசபின் மட்டும் இங்கே தனி வகை. தொடக்கத்தில் அழுத்தத்தை இறக்கும் அதே மருந்து சிலருக்கு எடை கூடாமலேயே அழுத்தத்தை ஏற்றுவதும் உண்டு. நாடித் துடிப்பையும் பலருக்கு விரைவாக்குகிறது.

எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போடுவது நியாயமாகாது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் பீடி, சிகரெட் பழக்கம் மிகுதி. ஊக்கம் குன்றுவது நோயின் ஓர் அறிகுறி. அதனால் நடமாட்டம் குறைகிறது. மலிவான உணவு என்றால் சோறும் ஊறுகாயும் எண்ணெய்ப் பலகாரமும்தான். இவற்றில் எது எவ்வளவு என்று ஒரு தனி மனிதரிடம் பிரித்துச் சொல்ல இயலாது. சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை.

இங்கே கவலை தருவது வேறொரு கணக்கு. மேற்சொன்ன கேட்டி ஆய்வில் சேர்ந்தபோது உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அதற்கு எந்த மருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. வசதி மிக்க நாட்டில், மருத்துவரைத் தொடர்ந்து பார்த்துவந்தவர்களின் நிலை இது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்றும், அதற்குப் பெருமளவு காரணம் தடுக்கக்கூடிய உடல் நோய்களே என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சேர்ந்து போகும் மருந்துகள்

மனநல மருத்துவர் ஒரு சீட்டு, பொது மருத்துவர் ஒரு சீட்டு, பல் மருத்துவர் ஒரு சீட்டு என்று எழுதித்தருபவை ஒன்றையொன்று அறியாதவை. நோயாளியின் உடலில்தான் அவை சந்திக்கின்றன.

பிரசோசின் போன்ற அழுத்தக் குறைப்பு மாத்திரைகளும், முதியவர்களுக்குச் சிறுநீர் எளிதாகப் போகத் தரும் டாம்சுலோசினும் ஆல்பா ஏற்பியையே அடைப்பவை. மனநோய் எதிர்ப்பு மருந்தோடு சேர்ந்தால் எழும்போது விழும் ஆபத்து கூடும். சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் உடல் நீரைக் குறைத்து அதே வேலையைச் செய்யும். கால் நிலைகொள்ளாமல் தவிக்கும் பக்கவிளைவுக்குத் தரப்படும் புரோப்ரனலால் தானே அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. இருதுருவ நோய்க்கு லித்தியமும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு இன்னொரு எச்சரிக்கை: தயசைடு வகைச் சிறுநீர் பெருக்கி, எனலாபிரில், லோசார்டன் ஆகிய வழக்கமான அழுத்த மருந்துகள் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை நச்சு நிலைவரை உயர்த்தக்கூடும். இவற்றைத் தொடங்கினால் லித்தியம் அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அட்ரினலின் ஊசியைப் பற்றி மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காகவாவது படித்திருப்பார்கள். அது ஆல்பா ஏற்பிகளால் குழாயைச் சுருக்குகிறது; பீட்டா ஏற்பிகளால் குழாயை விரிக்கிறது. குளோர்புரோமசின் போன்றவை ஆல்பாவை அடைத்துவிட்டால் விரிப்பது மட்டுமே மிஞ்சும். ஆகவே இம்மருந்துகளால் அழுத்தம் மிகவும் இறங்கிய நோயாளிக்கு அட்ரினலின் கொடுத்தால் அழுத்தம் மேலும் இறங்கலாம். அந்நிலையில் நரம்பு வழியாக உப்புநீரும், வேண்டுமானால் நோர்அட்ரினலினும் கொடுப்பதே முறை. அறுவைக்கும் பல் சிகிச்சைக்கும் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. மனநல மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று பல குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன.

பலருக்கும் தெரியாத ஒன்று பீடிப் புகை. புகையில் உள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி ஒலான்சபினையும் குளோசபினையும் விரைந்து வெளியேற்றுகின்றன. நிறையப் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். அவர் மருத்துவமனையில் சேர்ந்து பீடி கிடைக்காமல் போனாலோ, சபரிமலைக்கு மாலை போட்டுப் புகையை விட்டாலோ, அதே அளவு மாத்திரையால் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும். தூக்கமும் தலைசுற்றலும் வரும். புகையை விடுவது நல்லதுதான். விடப்போகிறேன் என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டு விடுவது இன்னும் நல்லது.

மாதம் ஒரு முறையோ இரு முறையோ போடும் புளூபெனசின் போன்ற நீடித்த ஊசிகள் அரசு மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளன. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இவை பெரிய உதவி. ஆனால் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முதலில் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து உடல் ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

நிறுத்தினால்

தலைசுற்றலோ எடையோ பிடிக்காமல் மருந்தை நிறுத்துபவருக்கு முதல் சில வாரங்கள் மிக நன்றாக இருக்கும். தூக்கக் கலக்கம் போய்விடும், சுறுசுறுப்பு வரும். ‘மாத்திரைதான் இவனைக் கெடுத்தது’ என்று வீட்டாரும் முடிவுகட்டிவிடுவார்கள். நோய் திரும்புவது அதற்குப் பிறகு, பல நேரங்களில் சில மாதங்கள் கழித்து. இடைவெளி நீளமாக இருப்பதால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பழைய நிலைக்கு வருவது கடினமாகலாம்.

குளோசபினில் விதி இன்னும் கடுமை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும். உடல் அதற்குள் பழக்கத்தை இழந்துவிடுவதால் முழு அளவைச் சாப்பிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஊர்த் திருவிழாவுக்குப் போய் மாத்திரையை மறந்தவர் திரும்பியதும் ‘விட்டதைச் சேர்த்து’ சாப்பிடுவது இதனால்தான் ஆபத்து.

நிறுத்துவதைவிட நல்ல வழிகள் பல உண்டு. அளவைக் குறைக்கலாம், பிரித்துக் கொடுக்கலாம், எடை கூட்டாத அரிப்பிபிரசோல் போன்ற மருந்துக்கு மாற்றலாம், எடையைக் கட்டுப்படுத்த மெட்பார்மின் சேர்க்கலாம், உயர்ந்த அழுத்தத்துக்குத் தனி மருந்து தரலாம். எல்லாம் மருத்துவர் முடிவு. அழுத்தம் இறங்குகிறது என்று உப்பைத் தாமாகக் கூட்டிக்கொள்வதும் தவறு. அதே நோயாளிக்கு உட்கார்ந்த நிலையில் உயர் அழுத்தம் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் யார் அளப்பது

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. அதன் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் என்னும் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். மனநல சிகிச்சை மாவட்டங்களுக்குப் பரவியது மாவட்ட மனநலத் திட்டத்தால். தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சியில் 1990-களில் வந்தது. இன்று எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மனச்சிதைவு நோயாளிகளைக் கவனித்தால் அவர்களுடைய இயலாமை ஓரளவு குறைகிறது என்பதைக் காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மறுபுறம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். மனநலத்துக்கு ஒரு ஏற்பாடு, அழுத்தத்துக்கு ஒரு ஏற்பாடு. இரண்டும் ஒரே தெருவுக்கு வருகின்றன. தேவிகாபுரம் போன்ற ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டிக்குக் கைப்பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கும்போது, உள்ளே இருக்கும் முப்பது வயது மகனை யாரும் கூப்பிடுவதில்லை. அவனுக்கு வயது ஆகவில்லை, அவன் ‘வேறு’ நோயாளி என்பது எண்ணம். அவனையும் அழைத்து, உட்காரவைத்து ஒரு முறையும் நிற்கவைத்து ஒரு முறையும் அளந்து, மனநல மருத்துவரிடம் காட்டும் அதே நோட்டில் எழுதிவைக்க ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வீட்டார் கேட்டால் செய்துகொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

எப்போது அளக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் பிறரும் சேர்ந்து 2004-இல் ஒரு கால அட்டவணை தந்தன. மருந்து தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். எடையை 4, 8, 12 வாரங்களிலும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், அழுத்தத்தையும் சர்க்கரையையும் 12-ஆவது வாரத்திலும் பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை என்பது எங்கள் பார்வையில் போதாது. மாத்திரை வாங்கப் போகும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்ப்பதில் செலவு ஏதுமில்லை. இடுப்புச் சுற்றளவில் இந்தியர்களுக்கு எல்லை குறைவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. சேலை, வேட்டி கட்டும் அளவு கூடுவதை வைத்தே வீட்டில் ஊகிக்கலாம்.

அளக்கும் முறையும் முக்கியம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் ஒரு முறை. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை. மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை. கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத உயர் அழுத்தம் காட்டும்.

சில நிலைகளில் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. நினைவிழந்து விழுதல், விழுந்து தலையில் அடிபடுதல், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். குளோசபின் தொடங்கிய முதல் மாதத்தில் காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் விரைந்த நாடியும் இருந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். கடும் காய்ச்சல், உடல் முழுதும் விறைப்பு, மனக்குழப்பம், ஏறி இறங்கும் இரத்த அழுத்தம் நான்கும் சேர்ந்து வந்தால் அது இம்மருந்துகளால் அரிதாக வரும் உயிராபத்தான ஒரு நிலை. இந்நிலையில் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நோயாளியை உடனே கொண்டுசெல்ல வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. அவசர ஊர்திக்கு எண் 108. மருந்து பற்றிய ஐயங்களையும் மனநலம் பற்றிய பிற கேள்விகளையும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில், எந்த நேரத்திலும் தமிழிலேயே கேட்கலாம்.